அவ்வளவு தூரம் போய், கூடாரத்தில் தங்கி, இசை விழா: போகலாமா?

நடுநிசிராகம்:
எல்லாருக்கும் வணக்கம். நான்கைந்து நாள் கூடாரத்திலேயே தங்கிப் பார்க்கிற பெரிய இசை விழா ஒன்றுக்கு ஒரு தடவையாவது போய்விட வேண்டும் என்று ரொம்ப காலமாக ஆசை. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரிதான் முதலில் மனதில் இருந்தது. ஆனால் 2026இல் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள், விழா கிடையாது. அதனால் டென்மார்க்கின் ரொஸ்கில்டே, ஜப்பானின் ஃபியூஜி ராக் இரண்டில் ஒன்று என்று யோசிக்கிறேன்.

இரண்டுமே எனக்கு நீண்ட விமானப் பயணம். விசா, டிக்கெட், விமானம், சாமான் எல்லாம் கூட்டிப் பார்த்தால் சேமிப்பில் பெரிய துண்டு விழும். அரங்கக் கச்சேரிகளுக்கு நிறையப் போயிருக்கிறேன், ஆனால் தரையில் கூடாரம் போட்டுத் தூங்கிப் பழக்கமில்லை. கூட வருகிறேன் என்று சொன்ன தோழியும் அரை மனதோடுதான் இருக்கிறாள்.

எனக்கு உயிரான இசைக்குழு ஒன்று இந்த மாதிரி விழாக்களில்தான் அடிக்கடி வாசிக்கிறது. அதுதான் காரணம் என்றேன். "அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவையே யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறார்களே, வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் போதாதா?" என்கிறார்கள் வீட்டில். அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. போய் ரசித்தவர்கள், போய் நொந்தவர்கள் இரு தரப்பும் சொல்லுங்கள்.

கூடாரவாசி:
போங்கள். ஆனால் அந்த ஒரு குழுவுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

பெரிய விழாவில் ஒரு குழுவுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு மணி நேரம். இரவின் முக்கிய நிகழ்ச்சி என்றால் ஒன்றரை, கூடிப்போனால் இரண்டு. அவர்களுடைய தனிக் கச்சேரியில் கேட்கக் கிடைக்கிற அபூர்வமான பாட்டுகள் இங்கே வராது. எல்லாருக்கும் தெரிந்ததைப் பாடிவிட்டு இறங்கிவிடுவார்கள். முன்வரிசை வேண்டுமென்றால் அதற்கு முந்தைய நிகழ்ச்சிகள் முழுவதும் அங்கேயே கால் கடுக்க நிற்க வேண்டும். அதே நேரத்தில் வேறொரு மேடையில் உங்களுக்குப் பிடித்த இன்னொருவர் பாடிக்கொண்டிருப்பார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்த மேடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி முடிந்திருக்கும். ஒரே குழுதான் குறி என்றால், அவர்கள் அரங்கத்தில் வாசிக்கிற ஊருக்குப் போங்கள். செலவும் குறைவு, திருப்தியும் அதிகம்.

விழாவுக்குப் போவது பெயரே கேள்விப்படாதவர்களைக் கேட்பதற்கு. என் அனுபவத்தில் எல்லா விழாவிலும் மிச்சமாக நிற்பது அதுதான். ஒரு வருடம் இரவு முழுக்க மழை. காலையில் பாதிப்பேர் கூடாரத்தைவிட்டு வெளியே வரவில்லை. காபிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துச் சின்னக் கொட்டகையில் யாரோ வயலினுக்குச் சுருதி சேர்க்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மூன்று பெண்கள், ஒரு வயலின், ஒரு அக்கார்டியன், காலால் தட்டுவதற்கு ஒரு மரப்பலகை. ஒலிபெருக்கிமேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தது. கேட்க வந்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். கூரை ஓரமாக மழை எங்கள் தலையில் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, மேடைமேலேயே ஏறி உட்காரச் சொன்னார்கள். வில் கம்பியில் பிடித்து இழுபடும் சத்தம் முதலில் காதில் விழும், அப்புறம்தான் சுரம் வரும். பலகையில் கால் விழும்போதெல்லாம் நாங்கள் உட்கார்ந்திருந்த மரம் அதிர்ந்தது. அன்றிரவு பெரிய மேடையில் பல்லாயிரம் பேரோடு நின்று பார்த்த நிகழ்ச்சியில் என்ன பாடினார்கள் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வீட்டில் கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில். நேரலையில் நமக்குத் தெரிந்ததைத்தான் தேடிப் பார்ப்போம். அந்த மூன்று பெண்களை நான் ஒருநாளும் தேடியிருக்க மாட்டேன்.

செவிப்பறை:
நான் மாற்றுக் கருத்து. ஒலிக்கலவை மேசையில் வேலை பார்க்கிறவன் என்பதால் முதலில் காதைப் பற்றித்தான் பேசுவேன்.

திறந்தவெளியில் இசை நன்றாகக் கேட்பது கடினம். காற்று திசை மாறினால் உச்ச சுரங்கள் எங்கோ அடித்துக்கொண்டு போகும், தாழ்ந்த அதிர்வு மட்டும் வந்து சேரும். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகிறது. நீங்கள் மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றால் டிரம்மர் குச்சியை அடிப்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகு கிட்டத்தட்ட 0.3 நொடி கழித்துத்தான் சத்தம் வரும். பின்னால் நிற்பவர்களுக்கும் தெளிவாகக் கேட்க நடுவில் கோபுரம் கட்டி, மேடையிலிருந்து வரும் சத்தத்தோடு ஒத்துப்போகும்படி தாமதப்படுத்திய ஒலியைத் தனியாக விடுகிறார்கள். நல்ல விழாக்களில் இதை அற்புதமாகச் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்துக்குத் தொந்தரவாகக் கூடாது என்று உரிமத்தில் ஒலி வரம்பு இருக்கும். காற்றடிக்கிற இரவில் அந்த வரம்புக்குள் நின்று பின்வரிசை வரை தெளிவாகக் கொண்டுபோவது பெரும்பாடு.

கூட்டம் கேட்கவே வரவில்லை என்பது இன்னொரு சங்கடம். 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் விழாவில் முதல் நாள் இரவு மழைக்கு நடுவே பண்டிட் ரவிசங்கர் சிதார் வாசித்தார். நான்கு லட்சம் பேர் என்கிறார்கள். அந்த அனுபவம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று பிறகு வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு இரண்டு வருடம் முன்னால் மான்டெரே விழாவில் ஒரு பிற்பகல் முழுக்க, உட்கார்ந்து கேட்ட கூட்டத்துக்கு வாசித்தபோது மகிழ்ச்சியாக இருந்தார். அதே வாத்தியம், அதே வித்வான். இடமும் கூட்டமும் அவ்வளவு மாற்றிவிடுகிறது.

சேமிப்பில் பெரிய துண்டு விழுகிறது என்றால் அதை நல்ல அரங்கத்தில் செலவழியுங்கள் என்பேன். போவதென்று முடிவாகிவிட்டால் கூட்டத்துக்கு நடுவே இருக்கிற ஒலிக்கலவை மேசைக்கு நேர் முன்னாலோ, சற்றுப் பக்கவாட்டிலோ நில்லுங்கள். எங்கள் காது அங்கேதான் இருக்கிறது, அங்கே நன்றாகக் கேட்கும்படிதான் கலக்குகிறோம்.

நடுநிசிராகம்:
இரண்டு பேருக்கும் நன்றி. கூடாரவாசி அண்ணா, நீங்கள் சொன்னது என் காரணத்தையே ஆட்டிவிட்டது. ஆனால் அந்தக் காலை நேர நிகழ்ச்சியைப் படித்ததும் போக வேண்டும் என்ற ஆசை இன்னும் கூடிவிட்டது.

இன்னொரு பயம் உண்டு. இவ்வளவு செலவு செய்து போய் விழாவே நடக்காமல் போனால்?

கணக்குப்பிள்ளை:
நடக்காமல் போகலாம். அதனால் உணர்ச்சியை ஒரு நிமிஷம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துப் பொன்னரூ விழா. 2021இல் ஐடா சூறாவளியின் மிச்ச மழையில் பண்ணை நிலம் ஊறிப்போய், தொடங்க இரண்டு நாள் இருக்கையில் முழுவதும் ரத்து. 2025 ஜூனில் முதல் நாள் நடந்தது, இரண்டாம் நாளே மழையால் மிச்சத்தை ரத்து செய்து கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜெர்மனியில் வாக்கன் மெட்டல் விழா, 2023. சுமார் 85,000 பேர் வர வேண்டிய இடம். சேற்றில் வண்டிகள் சிக்கி, பாதியிலேயே "இனி யாரும் கிளம்பி வராதீர்கள்" என்று அறிவித்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கிய பல்லாயிரம் பேர் உள்ளே போகவே முடியவில்லை. வழியில் வந்துகொண்டிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஃபியூஜி ராக்கின் முதல் விழாவே 1997இல் புயலில் மாட்டி, இரண்டாம் நாள் ரத்தானது.

இந்த மாதிரி நேரத்தில் விழாக்காரர்கள் திருப்பித் தருவது டிக்கெட் பணம், அதுவும் சில சமயம் ஒரு பகுதிதான். விமான டிக்கெட், விசா கட்டணம், வழியில் எடுத்த விடுதி எதுவும் திரும்பாது. பக்கத்து ஊர்க்காரருக்கு ஒரு வார இறுதி போகும். தூரத்திலிருந்து வருகிறவருக்கு மொத்தமும் போகும். தூரம் இந்தக் கணக்கில் செலவை மட்டுமல்ல, இழப்பின் அளவையும் கூட்டுகிறது.

பயணக் காப்பீடு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் நோய்வாய்ப்பட்டுப் போக முடியாமல் போனால் பணம் தருகிற பாலிசிகள், நிகழ்ச்சியே ரத்தானால் பெரும்பாலும் தருவதில்லை. பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே தேடிப் படிக்க வேண்டும்.

புத்தம் புதிய விழாவுக்குத் தூரத்திலிருந்து போகவே போகாதீர்கள். 2017இல் பஹாமாஸில் ஃபயர் விழா என்று ஒன்று விற்றார்கள். போனவர்களுக்குக் கிடைத்தது நனைந்த மெத்தைகளும் நிவாரண முகாம் கூடாரங்களும். நடத்தியவர் மோசடி வழக்கில் ஆறு வருடச் சிறைத்தண்டனை பெற்றார். இருபது முப்பது வருடமாக ஒரே இடத்தில் நடத்துகிறவர்களிடம் வடிகால், கழிப்பறை, மாற்று வழி எல்லாம் அடிபட்டுக் கற்றதாக இருக்கும். ரொஸ்கில்டே 1971 முதல் நடக்கிறது, ஃபியூஜி ராக் 1999 முதல் நாயெபா பனிச்சறுக்கு மலையிலேயே நடக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டும் இந்த வகையில் சரியானவை.

மலைச்சாரல்:
கணக்குப்பிள்ளை சார் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் தள்ளிப்போடுவதிலும் ஒரு இழப்பு உண்டு, அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்கிறீர்கள்.

ஆப்பிரிக்காவின் மாலியில், சஹாரா பாலைவனத்தில் 2001 முதல் ஒரு விழா நடந்தது. ஃபெஸ்டிவல் ஓ டெசெர் என்று பெயர். 2003 முதல் சில வருடம் டிம்பக்டு பக்கம் எஸ்ஸகான் என்ற இடத்தில் நடந்தது: மணல் மேடுகளுக்கு நடுவே மேடை, அந்தப் பாலைவனத்து துவாரெக் மக்களின் கூடாரங்கள். டினாரிவென் போன்ற துவாரெக் இசைக்குழுக்கள் தங்கள் சொந்த மண்ணில், சொந்த ஜனங்களுக்கு நடுவே வாசிப்பதைக் கேட்கலாம். 2003இல் லெட் செப்பலின் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட் அங்கே போய்ப் பாடினார். எனக்கும் நண்பர்களுக்கும் அது பெரிய கனவாக இருந்தது. 2012 ஜனவரி விழாவுக்குப் பிறகு வடக்கு மாலியில் போர். விழா நின்றுபோனது. அந்த இசையை இப்போதும் ஐரோப்பிய அரங்கங்களில் கேட்கலாம், அந்த மணலில் கேட்க முடியாது.

செவிப்பறை சொன்னது போல இடம் இசையை மாற்றத்தான் செய்கிறது. சில நேரம் நல்லதாகவும் மாற்றுகிறது என்பது என் வாதம். ஃபியூஜி ராக்கில் மாலையானால் மலையிலிருந்து மூடுபனி இறங்கும். விளக்கொளி அந்தப் பனியில் பட்டு நின்றுவிடும், மேடை பாதி மறையும். காட்டுக்குள் மரப்பாலம் போட்ட பாதையில் ஒரு மேடையிலிருந்து அடுத்த மேடைக்கு நடக்கும்போது பின்னால் ஒரு இசை தேய்ந்துகொண்டே போகும், முன்னால் இன்னொன்று வளர்ந்துகொண்டே வரும். நடுவில் இரண்டும் இல்லாமல் ஆற்றுச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். ஒலிக்கலவை மேசைக்கு முன்னால் நின்றால் இது கிடைக்காது.

நடைமுறைத் தகவலும் சொல்லிவிடுகிறேன். தோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் எச்சிகோ யுசாவா வரை, ஒன்றரை மணிக்குள் போய்விடலாம். அங்கிருந்து விழாப் பேருந்து. கூடாரம் போடும் இடம் சரிவான மலைப்புல்வெளி, சமமான இடத்தை முதலில் வருகிறவர்கள் பிடித்துவிடுவார்கள். ஜூலைக் கடைசியில் பகலில் வெயிலும் இரவில் குளிர் மழையும் ஒரே நாளில் வரும். மழைக்கோட்டு நல்லதாக இல்லையென்றால் விழா முழுக்க அவஸ்தைதான்.

செவிப்பறை:
மலைச்சாரல், அந்தப் பாலைவன விழா பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு இசை பிறந்த மண்ணில் அதைக் கேட்பது வேறு விஷயம், அதற்காக எவ்வளவு தூரமும் போகலாம். ஆனால் பெரும்பாலான பெரிய விழாக்கள் அப்படி இல்லையே. அதே பத்துப் பதினைந்து பெரிய பெயர்கள் அந்தக் கோடைக்காலத்தில் விழா விழாவாகச் சுற்றி வருகின்றன. ஒரு விழாவின் சுவரொட்டியை மறைத்துவிட்டு அடுத்த விழாவின் சுவரொட்டியைக் காட்டினால் மேல் வரிசையில் வித்தியாசம் கண்டுபிடிக்கவே கஷ்டம்.

கூடாரவாசி:
மேல் வரிசையைப் பார்க்காதீர்கள் என்பதுதானே நான் முதலிலிருந்தே சொல்வது. சுவரொட்டியில் அடியில் பொடி எழுத்தில் இருக்கிற பெயர்களைப் படியுங்கள். அந்த நாட்டுக்காரர்கள் அங்கேதான் இருப்பார்கள். ரொஸ்கில்டே எட்டு நாள் விழா. முதல் பாதியில் பெரிய மேடைகள் திறக்கவே திறக்காது. கூடாரப் பகுதிகளுக்குப் பக்கத்தில் சின்ன மேடைகளில் வளர்ந்துவரும் வட ஐரோப்பியக் குழுக்கள் வாசிக்கும். தூரத்திலிருந்து போகிறவர்கள் இதைத் தெரியாமல் கடைசி நான்கு நாளுக்கு மட்டும் திட்டமிடுகிறார்கள்.

பனித்துளி:
எல்லாரும் இசையைப் பற்றியே பேசுகிறீர்கள். நடுநிசிராகம் கூடாரத்தில் தூங்கியதே இல்லை என்று எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால் விழா பிடிக்குமா பிடிக்காதா என்பதைத் தூக்கம்தான் தீர்மானிக்கும். இரண்டு இரவு தூங்காதவருக்கு மூன்றாம் நாள் தேவகானமே கேட்டாலும் எரிச்சல்தான் வரும்.

டென்மார்க்கில் ஜூன் கடைசியில் காலை நாலரைக்கே சூரியன் வந்துவிடும், இரவு பத்து வரை வெளிச்சம். மெல்லிய கூடாரத் துணிக்குள் அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். வெயில் ஏறினால் ஏழு மணிக்குள் உள்ளே புழுங்கத் தொடங்கும். கண்கட்டு இல்லாமல் போகாதீர்கள். எல்லாரும் தூக்கப்பையில் காசைக் கொட்டுவார்கள். ஆனால் உடம்புச் சூட்டை இழுப்பது தரைதான். நம் எடைக்கு அடியில் நசுங்கிய பை காப்பாற்றாது, கீழே போடுகிற காற்று மெத்தை நல்லதாக இருக்க வேண்டும். போகிற முன்னால் மொட்டை மாடியிலோ பூங்காவிலோ ஒரு இரவாவது கூடாரம் போட்டுத் தூங்கிப் பாருங்கள். தோழியையும் கூட்டிக்கொண்டு. அவள் அரை மனசு அன்றைக்கே முழு மனசாகும், இல்லையென்றால் அன்றைக்கே விலகிவிடுவாள். இரண்டும் உங்களுக்கு நல்லது.

இடம் தேர்ந்தெடுப்பது அடுத்தது. பெரிய விழாக்களில் அமைதியான பகுதி என்று தனியாக ஒதுக்கியிருப்பார்கள், இரவில் சத்தம் போடக் கூடாது என்ற விதியோடு. ரொஸ்கில்டேயிலும் உண்டு. அது மேடைகளுக்குத் தூரமாக இருந்தாலும் பரவாயில்லை, அங்கேயே போடுங்கள். பிரதான பாதை ஓரம் வேண்டாம், இரவு முழுக்கக் கயிற்றில் தடுக்கி விழுவார்கள். கழிப்பறைக்கு ரொம்பப் பக்கமும் வேண்டாம், ரொம்பத் தூரமும் வேண்டாம். பள்ளமான இடம் கூடவே கூடாது. மேடான இடமாகப் பாருங்கள். மாலையில் அழகாகத் தெரிகிற பள்ளம் நள்ளிரவு மழையில் குளமாகிவிடும். கொடியோ பலூனோ ஏதாவது உயரமாகக் கட்டிவையுங்கள், இருட்டில் ஆயிரக்கணக்கான ஒரே மாதிரிக் கூடாரங்களுக்கு நடுவே உங்களுடையதைத் தேடுவது கொடுமை.

கழிப்பறை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு வரிசை நீளம், அதிகாலையில் போனால் சுத்தமாகவும் இருக்கும். கைகழுவும் திரவமும் காகிதமும் எப்போதும் பையில் இருக்கட்டும். மாதவிடாய் நாட்கள் வந்தால் என்ன செய்வது என்று பயந்துதான் பல பெண்கள் வராமல் இருக்கிறார்கள். குப்பையைக் கட்டிப்போட இருட்டு நிறப் பைகள், ஈரத் துடைப்பான், ஒரு நாளைக்குத் தேவையானதைத் தனித்தனிப் பொட்டலமாகப் போட்டு வைப்பது, இவ்வளவு செய்தால் சமாளித்துவிடலாம். பெண்களுக்கு மட்டுமான கூடாரப் பகுதியோ பாதுகாப்பு மையமோ இருக்கிறதா என்று விழாவின் தளத்தில் பாருங்கள். இருவர் போனால் பிரிந்துபோனால் சந்திக்க ஒரு இடம், ஒரு நேரம் தினமும் காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேர் ஒரே வயலில் இருக்கும்போது கைபேசி சிக்னலை நம்ப முடியாது.

நடுநிசிராகம்:
பனித்துளி அக்கா, இதைப் படிக்கப் படிக்க ஒரு பக்கம் பயமும் ஒரு பக்கம் நிம்மதியும். கூட்ட நெரிசல் பற்றியும் கேட்க நினைத்தேன். ரொஸ்கில்டேயில் விபத்து நடந்ததாகப் படித்தேன்.

செவிப்பறை:
நடந்தது. 2000 ஜூன் 30, அங்கே முக்கிய மேடையான ஆரஞ்சு மேடையில் பேர்ல் ஜாம் என்ற ராக் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசை நெரிசலில் ஒன்பது இளைஞர்கள் இறந்தார்கள். எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் அதை மறக்கவில்லை. மழையில் வழுக்கும் தரை, பின்னாலிருந்து தள்ளும் கூட்டம், முன்னால் விழுந்தவர்கள் இருப்பது பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. அதற்குப் பிறகு அந்த மேடைக்கு முன்னால் தடுப்புகளால் பகுதி பகுதியாகப் பிரித்து, இத்தனை பேர்தான் என்று எண்ணி உள்ளே விடுகிறார்கள். இப்போது பாதுகாப்பில் அதிகக் கவனமுள்ள விழாக்களில் அதுவும் ஒன்று.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு சதுர மீட்டரில் நான்கைந்து பேருக்கு மேல் நிற்கத் தொடங்கினால் அங்கிருந்து விலகுங்கள். கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியவில்லை என்றால் ஏற்கெனவே தாமதம். கூட்டம் அலைபோல ஆடத் தொடங்கினால் எதிர்த்துத் தள்ளாதீர்கள். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்து, அலை ஓய்கிற இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில், ஓரத்தை நோக்கிச் சாய்வாக நகருங்கள். பொருள் கீழே விழுந்தால் குனியாதீர்கள்.

காது பற்றியும் இங்கேயே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2022இல் நிகழ்ச்சி அரங்குகளுக்கு ஒரு வரையறை தந்தது. 15 நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பது அதில் ஒன்று. 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு 100 டெசிபெலில் சுமார் 15 நிமிடம்தான் பாதுகாப்பு. நீங்கள் போவது நாள் கணக்கில். பஞ்சு மாதிரி இருக்கிற சாதாரண அடைப்பான் உச்ச சுரங்களை அமுக்கி எல்லாவற்றையும் மந்தமாக்கும், தூங்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு இசைக்கலைஞர்கள் போடுகிற, எல்லா அலைவரிசையையும் ஒரே அளவில் குறைக்கிற அடைப்பான் வாங்குங்கள். இதில் மட்டும் பணத்தைப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. காதில் இரைச்சல் வந்துவிட்டால் அது போகாமலே தங்கிவிடலாம்.

நரைத்தரசிகன்:
இளையவர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் அறுபதைத் தாண்டியவன். "இந்த வயசுக்கு மேல் இது தேவையா" என்ற கேள்வி எனக்கும் வருகிறது, ஒவ்வொரு வருடமும். முழங்கால் வலிக்கிறது என்பதால் விழாக்காரர்களே போட்டுத் தருகிற கூடாரத்தில் கட்டிலோடு தங்குகிறேன். மேடைக்கு முன்னால் போவதில்லை, மடக்கு நாற்காலியில் சரிவின் மேலே உட்கார்ந்து கேட்கிறேன். ஃபியூஜி ராக்கில் அப்படி உட்கார்ந்து கேட்பவர்கள் நிறையப் பேர், பேரக்குழந்தையோடு வருகிறவர்களும் உண்டு. இதற்கு வயது இல்லை, தயாரிப்புதான் வேண்டும்.

ஒன்றே ஒன்று: எல்லா மேடையையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். தூரத்திலிருந்து செலவு செய்து வந்தவர்களுக்குத்தான் அந்த வெறி அதிகம். ஒரு நாளைக்கு மூன்று நிகழ்ச்சி என்று குறித்துக்கொண்டு மிச்ச நேரத்தில் சும்மா அலையுங்கள், படுங்கள், பக்கத்துக் கூடாரத்துக்காரரோடு பேசுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஐயா சொன்னது செலவைக் குறைக்கிற யோசனையும்கூட. இன்னொரு வழி: தன்னார்வலராகப் போவது. ரொஸ்கில்டேயைச் சுமார் 30,000 தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். லாபத்தை நற்பணிகளுக்குக் கொடுத்துவிடும் அமைப்பு அது. சில ஷிஃப்ட் வேலை பார்த்தால் விழாவுக்குள் அனுமதி இலவசம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்கள் விசா அதை அனுமதிக்கிறதா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கூடாரவாசி:
தன்னார்வலராகப் போவதை நான் மனதாரச் சிபாரிசு செய்கிறேன். தனியாக வருகிறவர்களுக்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஒரு இரவு குப்பை சேகரிக்கிற குழுவில் சேர்ந்து நடந்தவர்களுக்குள் வருகிற நெருக்கம் பக்கத்தில் நின்று பாட்டுக் கேட்டவர்களுக்குள் வராது.

நடுநிசிராகம்:
எல்லாவற்றையும் தோழியோடு உட்கார்ந்து படித்தேன். ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம்.

ரொஸ்கில்டே. எட்டு நாளும். முதல் பாதியை விட்டுவிட்டுப் போவதில் அர்த்தமில்லை என்று தோழியே சொல்லிவிட்டாள். என் பிரியமான குழு அங்கே வந்தாலும் வராவிட்டாலும் போகிறோம். அவர்களை அரங்கத்தில் பார்க்கத் தனியாக ஒரு வாய்ப்பு வரும்போது பார்த்துக்கொள்கிறேன். அமைதிப் பகுதியில்தான் கூடாரம். முதல் தடவை தன்னார்வலராக வேண்டாம், டிக்கெட்டே வாங்கிவிடுகிறோம். வருகிற சனிக்கிழமை மொட்டை மாடி ஒத்திகை.

இரண்டே கேள்வி மிச்சம். டிக்கெட் முதலிலா, விசா முதலிலா? கூடாரத்தை இங்கிருந்து தூக்கிப் போகவா, அங்கே போய் வாங்கவா?

கணக்குப்பிள்ளை:
விழா டிக்கெட் முதலில். எதற்காகப் போகிறீர்கள் என்பதற்கு அதுவே ஆதாரம். டென்மார்க் உள்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள் என்பார்கள், ஆனால் கோடைக்காலத்தில் நேர்காணல் தேதி கிடைப்பதே கஷ்டம். அதனால் கடைசி மாதம் வரை விடாதீர்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். எட்டு நாளும் எங்கே தங்குகிறீர்கள் என்பதற்கு, கூடார அனுமதி அடங்கிய டிக்கெட் நகலோடு, முன்னும் பின்னும் தங்கும் விடுதிப் பதிவையும் சேர்த்துக் கொடுங்கள். விமான டிக்கெட்டை விசா வரும்வரை ரத்து செய்யக்கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பனித்துளி:
கூடாரம் அங்கே போய் மலிவாக வாங்கி, முடிந்ததும் போட்டுவிட்டு வரலாம் என்று பலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். விழா முடிந்த மறுநாள் காலையில் அந்த வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கிழிந்த கூடாரமும் நாற்காலியும் மெத்தையுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கும். அதில் பெரும்பகுதி குப்பைக்குத்தான் போகும். முன்கூட்டியே பதிவு செய்தால் அங்கேயே போட்டுத் தயாராக வைத்திருக்கிற கூடாரம் கிடைக்கும். செலவு கூடத்தான், ஆனால் விமானத்தில் சாமான் எடை மிச்சம், தரையில் ஆணி அடித்துக்கொண்டு முதல் நாளைத் தொலைக்க வேண்டாம். கூடாரம் சொந்தமாக வேண்டும் என்றால் மூன்று கிலோவுக்குள் இருப்பதாக வாங்கி, திரும்பத் தூக்கிக்கொண்டு வாருங்கள். மெத்தையும் தூக்கப்பையும் மட்டும் இங்கிருந்தே போகட்டும், சனிக்கிழமை மாடியில் அதிலேயே தூங்கிப் பாருங்கள். எதுவுமே முதல் தடவை அங்கே பிரிப்பதாக இருக்கக் கூடாது.

நடுநிசிராகம்:
தயார்நிலைக் கூடாரமே பதிவு செய்கிறோம் அக்கா. ஞாயிற்றுக்கிழமை மாடி ஒத்திகை எப்படிப் போனது என்று எழுதுகிறேன்.

கூடாரவாசி:
எழுதுங்கள். கலைஞர்கள் பட்டியல் வந்ததும் பொடி எழுத்துப் பெயர்களை இங்கே போடுங்கள், ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்போம்.